பூட்டு விசிட்

“ஒரு குழந்தையின் கண்ணீரைத் துடைக்க நீளும் கைதான் மனித நாகரிகத்தின் உச்சிச் சிகரம்!” என்று முனைவர் முழங்கினார். மைக் வேலை செய்யவில்லை என்று கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. முனைவர் சிகரத்திலிருந்து இறங்கி, ஒயரைப் பிடுங்கி, ஊதி, திரும்பச் சொருகி, அடிவாரத்திலிருந்து மறுபடி ஏறினார். இந்தத் தடவை கண்ணீர் வரைக்கும் கேட்டது. சிகரத்தை இரைச்சல் விழுங்கிவிட்டது.

யாருக்கும் நஷ்டமில்லை. இதையேதான் அவர் முந்தாநாளும் நேற்றும் சொல்லியிருந்தார்.

குழந்தைகள் நலத்துறையின் கள அலுவலர்கள் இருபத்தாறு பேரை மூன்றாம் மாடிக் கூட்ட அறையில் உட்காரவைத்து, குடும்பங்களோடு எப்படிப் பேசுவது என்று மூன்று நாளாகச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார்கள். பயிற்சியின் பெயர் ‘செவிமடுப்போம்’. செவிமடுப்பதற்கு இடைஞ்சலாக இருக்கிறதென்று முதல் நாளே முனைவர் எல்லாருடைய போனையும் வாங்கி, வாசலருகே ஒரு பிளாஸ்டிக் கூடையில் போட்டுவிட்டார். பிள்ளையைக் காப்பகத்தில் விட்டுவிட்டுத் தவிக்கும் அப்பா அம்மாக்கள் எல்லாரும் மூன்று நாளாகக் கூடையைத்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். வண்டு அடைத்த டப்பாபோல அது விடாமல் உறுமியது. உறுமல் பேச்சுக்கு மேல் போனபோது, அதன்மேல் ஒரு துண்டைப் போட்டு மூடச் சொன்னார் முனைவர்.

முன்வரிசையில் நடு நாற்காலியில், சிகரம் வந்த இரண்டு தடவையும் தலையாட்டியபடி உட்கார்ந்திருந்தவர் மூன்றாம் வட்டத்துக் கள அலுவலர். துறையில் அவரை ‘நாலு பக்கம்’ என்றுதான் சொல்வார்கள். எந்தக் குடும்பத்தைப் பற்றி ரிப்போர்ட் கேட்டாலும் நாலு பக்கம் எழுதுவார். மூன்றரையில் நிற்காது, நாலேகாலுக்கும் போகாது. தன் எழுத்தின் மேல் அவருக்கு இருந்த மயக்கத்தில் நூறில் ஒரு பங்கு அந்தக் குடும்பங்களின் மேல் இருந்திருந்தால் பாதிக் காப்பகம் காலியாகியிருக்கும்.

அன்று அவர் தலையாட்டியதில் ஒரு காரியம் இருந்தது. கடைசி நாள் என்பதால் இணை இயக்குநர், அதாவது பெரிய மேடம், வந்து ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். இருபத்தாறு பேரில் ஒருவரைத் தேர்ந்தெடுத்து, இனிமேல் வெயிலில் அலைய வேண்டாம், மற்றவர்களுக்குப் பாடம் நடத்தினால் போதும் என்று பயிற்றுநராக்கப் போகிறார் என்று பேச்சு. மேடத்தின் போனைக் கூடையில் போடச் சொல்லும் துணிச்சல் முனைவருக்கு வரவில்லை. மேடம் அதைத் தடவியபடியே செவிமடுத்துக்கொண்டிருந்தார்.

வெயிலில் அலைவது என்று சொன்னதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். காப்பகத்தில் இருக்கும் ஒவ்வொரு குழந்தையின் வீட்டுக்கும் கள அலுவலர் மாதமொருமுறை நேரில் போய்ப் பார்க்க வேண்டும் என்பது விதி. போனால் படியேற வேண்டும். ஏறினால் அழுகையைக் கேட்க வேண்டும். கேட்டால் ஏதாவது செய்ய வேண்டும். இதற்கெல்லாம் துறை கண்டுபிடித்திருந்த மருந்துதான் பூட்டு விசிட். ‘நேரில் சென்றேன், வீடு பூட்டியிருந்தது’ என்று எழுதிவிட்டால் போதும். போன மாதிரியும் ஆயிற்று, பழியும் பூட்டின் தலையில் விடிந்தது. நாலு தடவை பூட்டியிருந்தால், ‘தாய் ஒத்துழைக்கவில்லை’ என்ற முடிவு யாரும் கூப்பிடாமல் தானே வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்ளும். மற்றவர்கள் இதை ஒரு வரியில் முடித்துக்கொள்வார்கள். நாலு பக்கம் பூட்டைப் பற்றி நாலு பக்கம் எழுதுவார். பூட்டின் முன்னால் அரைமணி நேரம் காத்திருப்பார், அக்கம்பக்கத்தில் விசாரிப்பார், தாயின் அக்கறையின்மையை எண்ணி மனம் நொந்து திரும்புவார். அத்தனையும் மேசையை விட்டு எழுந்திருக்காமல், ஒரு டீ ஆறுவதற்குள்.

மதியத்துக்கு மேல் நடிப்புப் பயிற்சி. அலுவலர் ஒருவர், தாய் ஒருத்தி. தாயாக நடிக்க ஒரு நாடகக் குழுவிலிருந்து நடிகையை ஏற்பாடு செய்திருந்தார் முனைவர். அவள் நடிக்க வேண்டிய வேடத்தின் பெயர் ‘எதிர்ப்புக் காட்டும் தாய்’. இரண்டரைக்கு வந்திருக்க வேண்டியவள், மூன்றாகியும் காணோம்.

“அலுவலரா யார் வர்றீங்க?” என்று முனைவர் கேட்டு முடிப்பதற்குள் நாலு பக்கம் மேடையில் இருந்தார்.

“தம்பி, பாத்து நடி. அம்மா வந்து உக்காந்ததும், வீடு பூட்டியிருந்துச்சுன்னு சொல்லிடாத” என்றாள் கடைசி வரிசை அக்கா. மூத்த கள அலுவலர். ஓய்வு பெற இரண்டு வருடமே இருந்ததால் அவளுக்கு யாரிடமும் பயமில்லை. சிரிப்பு எழுந்தது. நாலு பக்கமும் சிரித்தார், பெரிய மேடத்தைப் பார்த்துக்கொண்டே.

மூன்று மணி பத்து நிமிடத்துக்குக் கதவு திறந்தது. ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவின் நீலச் சட்டையோடு ஒரு பெண் மூச்சிரைக்க நின்றாள். பிளீச்சில் ஊறி விரல்நுனிகள் வெளுத்திருந்தன. கையில் ஒரு பிளாஸ்டிக் கவர், உள்ளே காகிதங்கள்.

“மூணாவது வட்டத்துக் கள அலுவலர் சார் இருக்காருங்களா? எல்லாரும் மேலதான் இருக்காங்கன்னு வாட்ச்மேன் சொன்னாரு.”

“வாங்கம்மா வாங்க, எவ்வளவு நேரமா உங்களுக்காகத்தான் காத்துக்கிட்டிருக்கோம்!” என்று முனைவர் வாயெல்லாம் பல்லாக ஓடினார். “வேஷமெல்லாம் பிரமாதம். இதோ, இவர்தான் உங்க கள அலுவலர். உக்காருங்க. நேரா விஷயத்துக்கு வந்துடுங்க.”

“எனக்காகவா?” அவள் நம்பாமல் பார்த்தாள். “அப்புறம் ஏன் சார் யாருமே போன எடுக்கல? காலையிலேருந்து முப்பது தடவ போட்டுட்டேன்.”

முனைவர் கூட்டத்தின் பக்கம் திரும்பிக் கண்ணடித்தார். “கவனிச்சீங்களா? உள்ள வரும்போதே குற்றச்சாட்டு. எழுதிக்கங்க.”

இருபத்தைந்து பேனாக்கள் எழுதிக்கொண்டன. கூடை துண்டுக்கடியில் ஒருதரம் உறுமி அடங்கியது.

அவள் மேடை நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். “நீங்கதான் மூணாவது வட்டத்து சாரா?”

“ஆமாம்மா, நானேதான்” என்றார் நாலு பக்கம், தேனில் முக்கியெடுத்த குரலில். அது உண்மைதான். ஆனால் அவர் அதை நடிப்பென்று நினைத்துச் சொன்னார்.

“இவங்கெல்லாம் யாரு சார்?”

“நம்ம ஆளுங்கதாம்மா. உங்ககிட்டேருந்து கத்துக்க வந்திருக்காங்க.”

அவள் இருபத்தைந்து பேரையும் ஒருமுறை பார்த்தாள். “கத்துக்கட்டும். லேட்டுதான், பரவால்ல” என்றாள். பிறகு கவரிலிருந்து காகிதங்களை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, வழியெல்லாம் சொல்லிப்பார்த்து வந்ததைப் போலச் சீராகச் சொன்னாள்:

“எதிர் பில்டிங்ல நாலு மணிக்குக் கமிட்டி இருக்கு சார். எம் பொண்ணு காப்பகத்துக்குப் போயி அஞ்சு மாசம் பதினோரு நாளாச்சு. நான் சாயங்கால ஷிப்டுக்குப் போனேன், எட்டு வயசுப் பிள்ள தனியா இருந்துச்சுன்னு யாரோ சொல்லித்தான் கூட்டிட்டுப் போனாங்க. சரி, அது என் தப்பு. இப்ப காலை ஷிப்டுக்கு மாத்திக்கிட்டேன். லெட்டர் இருக்கு. இந்த வீட்டு ஆய்வுப் படிவத்துல உங்க கையெழுத்து இருந்தா இன்னைக்கே பிள்ளைய அனுப்பிடுவாங்க. இல்லைன்னா அடுத்த கமிட்டி மூணு மாசம் கழிச்சுதானாம்.”

“நிறுத்துங்க, நிறுத்துங்க” என்று முனைவர் கையைத் தட்டினார். “இங்க ஒரு சின்னக் குறை. பிள்ளையப் பிரிஞ்ச தாய் இவ்வளவு தெளிவா நாள் கணக்கு சொல்லிட்டிருக்க மாட்டா. தப்ப அவளே ஒத்துக்கவும் மாட்டா. கொஞ்சம் கண்ணீர் வந்தா நல்லாருக்கும்.”

“அழுதா கையெழுத்து கெடைக்குமா சார்?”

“மொதல்ல அழுங்க, பாக்கலாம்.”

“அதுக்கெல்லாம் நேரமில்ல சார். நாலு மணிக்கு இன்னும் நாப்பத்தஞ்சு நிமிஷம்தான் இருக்கு.”

கூட்டம் சிரித்தது. முனைவர் பலகையில் ‘உணர்ச்சி வறட்சி’ என்று எழுதி அடிக்கோடிட்டார். பிறகு நாலு பக்கத்தின் காதில், “ரெண்டாவது படி. அவங்க சொல்றத அப்படியே திருப்பிச் சொல்லுங்க” என்றார்.

நாலு பக்கம் முன்னால் சாய்ந்து, கண்களைப் பாதி மூடி, தலையை ஒரு பக்கமாகச் சாய்த்தார். நேற்று ஒன்றரை மணி நேரம் சொல்லிக்கொடுத்த சாய்வு அது. “நீங்க ரொம்ப வேதனையில இருக்கீங்கன்னு புரியுது.”

“வேதனை கெடக்குது சார். படிவம் இருக்கு.”

“படிவம் இருக்குன்னு நீங்க நினைக்கறீங்கன்னு புரியுது.”

“நினைக்கல சார். கையில வச்சிருக்கேன்.”

கடைசி வரிசை அக்காவுக்குப் புரையேறியது. நாலு பக்கம் சாய்வு கலையாமல் புன்னகைத்தார். மேடம் பார்க்கிறாரா என்று ஓரக்கண்ணால் தேடினார். மேடம் போனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஒண்ணு மட்டும் சொல்லுங்க சார்” என்றாள் அந்தப் பெண். “போன மாசம் நீங்க குடுத்த ரிப்போர்ட்டாலதான் கமிட்டி தள்ளிப் போச்சு. நாலு தடவ வந்தீங்க, நாலு தடவையும் வீடு பூட்டியிருந்துச்சுன்னு எழுதியிருக்கீங்க. எந்த வீட்டுக்குப் போனீங்க? எங்க வீட்டுக்குப் பூட்டே கெடையாதே?”

“அதெப்படிம்மா பூட்டில்லாம வீடு இருக்கும்?” என்று நாலு பக்கம் செல்லமாகக் கேட்டார்.

“சைக்கிள் ரிப்பேர் கடை மாடி சார். மேல வரணும்னா கடைக்குள்ள பூந்துதான் வரணும். மாடிக் கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள், வெளிப்பக்கம் கொண்டியே கெடையாது. கடைக்காரரு காய்ச்சலா இருந்தாக்கூடக் கடைய மூட மாட்டாரு. அவரத் தாண்டாம ஈ கூட மேல வர முடியாது. அப்படி யாரும் வரவேயில்லங்கறாரு.”

சைக்கிள் கடை மாடி.

முகவரிக் கட்டத்தில் தன் கையாலேயே நிரப்பிய மூன்று வார்த்தைகள் நாலு பக்கத்தின் கண் முன்னால் வந்து நின்றன. அந்தப் பைலுக்கு எத்தனை டீ குடித்தோம் என்பதுகூட நினைவுக்கு வந்தது. சாய்த்திருந்த தலை தானாக நிமிர்ந்தது. எதிரே இருப்பது வேஷமில்லை. நீலச் சட்டை வேஷமில்லை, வெளுத்த விரல்கள் வேஷமில்லை. தன்னுடைய பைல்தான் எழுந்து நடந்து மூன்று மாடி ஏறி வந்திருக்கிறது.

“அற்புதம்!” என்றார் முனைவர். பலகையில் ‘மறுத்தல்’ என்று எழுதினார். அதன் கீழே ‘அலுவலர் மீது பழி போடுதல்’. “இதத்தான் நான் காலையில சொன்னேன். இவங்க எப்பவும் இப்படித்தான் ஆரம்பிப்பாங்க.”

“பழி இல்ல சார், எழுத்துல இருக்கு.” அவள் மடியிலிருந்த காகிதங்களைப் புரட்டினாள். “இந்தாங்க, ரிப்போர்ட்டு காப்பி. நாலு பக்கம். அடியில பேரு, சீல் எல்லாம் இருக்கு. வாசிச்சுக் காட்டட்டுமா?”

“வேண்டாம்!” என்று நாலு பக்கம் கத்திவிட்டார்.

பெரிய மேடம் அன்றைக்கு முதல்முறையாகப் போனிலிருந்து தலையைத் தூக்கினார்.

இந்த இடத்தில் ஒரு நல்ல மனிதனுக்கு என்ன தோன்றுமோ அது நாலு பக்கத்துக்குத் தோன்றவில்லை. அஞ்சு மாசம் பதினோரு நாள் என்பது அவர் காதிலேயே ஏறவில்லை. அவள் வாசித்தால் பெயர் வெளியே வரும். பெயர் வந்தால் மேடம் கேட்பார். மேடம் கேட்டால் பயிற்றுநர் நாற்காலி போய்விடும். அதற்குப் பிறகு வாழ்நாள் முழுக்க வெயில். அவருடைய மூளை ஓடிய வேகத்தில் அகப்பட்ட ஒரே வழி, இவளை எப்படியாவது சீக்கிரம் கீழே அனுப்பிவிடுவது. கையெழுத்துக் கேட்கிறாள். போட்டுத் தொலைத்தால் போய்விடுவாள்.

“குடுங்கம்மா அந்தப் படிவத்த” என்றார். குரலில் தேன் வற்றிப்போயிருந்தது.

“சார், அதுக்குள்ளயா?” என்று முனைவர் பதறினார். “ஏழு படி இருக்கே! ரெண்டுலதானே நிக்கறோம்?”

“குடும்பத்தோட குரலுக்குச் செவிமடுத்துட்டேன் சார்” என்றார் நாலு பக்கம், நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு.

பெரிய மேடம் தலையை அசைத்தார். “முடிவெடுக்கற வேகம் நல்லாருக்கு.”

நாலு பக்கம் கையெழுத்துப் போடுவதற்குப் பேனாவைத் திறந்தார். அந்தப் பெண் காகிதத்தின் மேல் விரலை வைத்தாள்.

“மொதல்ல மேல இருக்கறத நிரப்புங்க சார். ‘வீட்டில் நேரில் கண்டவை’. வெறுமனே விட்டா கமிட்டியில வாங்க மாட்டாங்க. போன தடவ ஒருத்தருக்கு அப்படித்தான் திருப்பி அனுப்பிட்டாங்க.”

நாலு பக்கம் குனிந்தார். குரலைத் தாழ்த்தினார். “என்ன கண்டேன்?”

“ரெண்டு ரூம்” என்றாள் அவள், அவரைவிடத் தாழ்ந்த குரலில். “எழுதுங்க. தண்ணி, கரண்டு, எல்லாம் இருக்கு. பிள்ளைக்கு ஜன்னலோரமா கட்டில். ஜன்னலுக்குக் கம்பி போட்டிருக்கு. சாயங்காலம் மூணு மணியிலேருந்து நான் வீட்டுல இருப்பேன்.” பேனா அந்த வரியை முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள். “சுவத்துல அவ உயரத்துக்குக் கோடு போட்டு வச்சிருக்கேன். மாசத்துக்கு ஒண்ணு. அஞ்சு மாசமா போடல. அதை எழுத வேண்டாம்.”

நாலு பக்கம் எழுதினார். அவருடைய உத்தியோக வாழ்க்கையில் ஒரு வீட்டைப் பற்றி அவர் எழுதிய முதல் உண்மை அது. அரைப் பக்கத்துக்கு மேல் வரவில்லை.

“சீல் சார்.”

“ஆகா, சீல்!” என்று முனைவர் சொக்கிப்போனார். “என்ன ஒரு நுணுக்கம்! கவனிங்க, இந்த அளவுக்குத் தயாரிச்சுட்டு வரணும்.”

கைப்பையிலிருந்து சீல் வந்தது. குத்தினார். கைதட்டல் எழுந்தது. அவள் கைதட்டலைச் சட்டை செய்யவில்லை. படிவத்தை வாங்கி, முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை, உதடு அசைய, ஒரு முறை முழுக்கப் படித்தாள். தேதியைச் சரிபார்த்தாள். சுவர்க்கடிகாரத்தில் மூன்று நாற்பத்திரண்டு.

“வர்றேன் சார்” என்று எழுந்தவள், கதவுவரை நடந்தாள். கதவைத் தாண்டியதும் ஓடினாள். மூன்று மாடிக்கும் செருப்புச் சத்தம் கேட்டது.

“அம்மா, விமர்சனத்தக் கேட்டுட்டுப் போங்க!” என்று முனைவர் பின்னாலேயே கத்தினார்.

அவள் இல்லாமலேயே விமர்சனம் நடந்தது. அலுவலருக்கு ஐந்துக்கு நாலரை. தாய்க்கு ஐந்துக்கு இரண்டு. தாய்ப்பாசம் முகத்தில் தெரியவில்லை என்றார் ஒருவர். காகிதம் படிக்கிற தாயை நான் என் அனுபவத்தில் பார்த்ததில்லை என்றார் இன்னொருவர்.

“எனக்கு அந்த அம்மா நடிச்ச மாதிரியே தெரியல சார்” என்றாள் கடைசி வரிசை அக்கா, நாலு பக்கத்தையே பார்த்தபடி.

“அதத்தான் நானும் சொல்றேன்” என்றார் முனைவர். “நடிப்பே இல்ல.”

நாலு மணிக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது கதவு மறுபடி திறந்தது. கண்மை தீட்டி, தலையைக் கலைத்துவிட்டுக்கொண்டு, தோளில் ஒரு கிழிசல் சால்வையோடு ஒரு பெண் வந்து கும்பிட்டாள்.

“மன்னிச்சுக்கங்க சார், வண்டி நடுவழியில நின்னுபோச்சு. நான்தான் எதிர்ப்புக் காட்டும் தாய்.”

முனைவரின் வாய் திறந்தது, மூடவில்லை. “அப்ப அவங்க யாரு?”

எல்லார் தலையும் மேடைப் பக்கம் திரும்பியது. நாலு பக்கம் சீலைப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்துக்கொண்டிருந்தார்.

“ரெண்டு பேர அனுப்பியிருப்பாங்க போல சார்” என்றார்.

அறையில் பாதிப் பேருக்கு விளங்கிவிட்டது. விளங்கியவர்கள் நோட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டார்கள். ஏனென்றால் அவரவர் பைலிலும் ஏகப்பட்ட பூட்டுகள் தொங்கின. அக்கா மட்டும், “ஆமாமா, ரெண்டு பேர்தான்” என்று சத்தமாகச் சொன்னாள். முனைவருக்கு அதற்கு மேல் யோசிக்கப் பிடிக்கவில்லை. மறுபடி ஆரம்பிக்கலாம் என்றார்.

இரண்டாவது தாய் உட்கார்ந்ததுமே அழுதாள். நெஞ்சில் அடித்துக்கொண்டாள், அலுவலரைத் திட்டினாள், பிறகு அவர் காலைத் தொடப் போனாள். நாலு பக்கம் ஏழு படிகளையும் ஒன்றுவிடாமல் ஏறி, பிள்ளையை இப்போதைக்கு அனுப்ப முடியாது என்று அவள் மனம் நோகாமல் விளக்கினார். அவள் நன்றி சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இதுதான் இயல்பாக இருந்தது என்று எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள். தாய்க்கு ஐந்துக்கு ஐந்து. பெரிய மேடம் எழுந்து, அடுத்த பயிற்சியிலிருந்து ‘வீட்டுச் சந்திப்பு: கலையும் அறமும்’ என்ற பாடத்தை மூன்றாம் வட்டத்து அலுவலரே நடத்துவார் என்று அறிவித்தார்.

எதிர்க் கட்டடத்தில் கமிட்டி அரைப் பக்கப் படிவத்தைப் பார்த்துவிட்டு, இவர் எழுதியதில் புரிகிற மாதிரி இருப்பது இது ஒன்றுதான் என்று சொல்லி, நாலே முக்காலுக்குப் பெண்ணை அம்மாவோடு அனுப்பியது.

அப்படி வீடு திரும்பிய குழந்தையை ஏழு நாளுக்குள் அலுவலர் நேரில் போய்ப் பார்க்க வேண்டும். பாடம் நடத்தப் போகிறவர் என்றாலும் கையிலிருக்கும் பைலை அவரேதான் முடிக்க வேண்டும். இந்த ஒரு விசிட்டுக்கு மட்டும், குழந்தையோடு அந்த வீட்டுக்குள் நின்று எடுத்த போட்டோவை இணைத்தாக வேண்டும் என்று விதி இருந்ததால், பூட்டு உதவாது. ஆறாம் நாள் நாலு பக்கம் கிளம்பினார். பஸ்ஸை விட்டு இறங்கி, எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல், அவளுக்கே போன் போட்டு வழி கேட்டார்.